மறு: டிபியல் பிளாட்டோ ஃபிராக்சர் – ‘பீடபூமி முறிவு’ வேண்டாமே

வணக்கம். நாம் தமிழில் எழுதிவரும் கட்டுரையில் டிபியல் பிளாட்டோ (plateau) ஃபிராக்சரை, அதாவது முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் (டிபியா) மேல்முனை உடைவதை, எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> பிளாட்டோவுக்குப் பீடபூமி என்று பள்ளிப் பாடத்திலேயே சொல் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

இருக்கிறதுதான், ஆனால் அது புவியியல் பாடத்தில். காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருப்பவரிடம் போய் “உங்களுக்குப் பீடபூமி முறிவு” என்றால் அவர் என்ன நினைப்பார்? எலும்பின் மேல்முனை அகன்று தட்டையாக இருப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது, நாம் அந்தத் தோற்றத்தைக் கட்டி அழ வேண்டியதில்லை. அந்த இடம் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். தொடையெலும்பின் இரண்டு குமிழ்களும் வந்து அமரும் தளம் அதுதான், மேலே குருத்தெலும்பு போர்த்தியிருக்கும், நிற்கும்போது உடல் எடை அதன்மேல்தான் இறங்கும். எனவே என் பரிந்துரை ‘முழங்கால் மூட்டுத்தள முறிவு’.

முன்மடலில் கேட்ட ‘கணைக்கால் மூட்டுத்தளம்’ ஏன் கூடாதென்றால், அதே எலும்பின் கீழ்முனையிலும் ஒரு தளம் இருக்கிறது, குழப்பும். அதைக் ‘கணுக்கால் மூட்டுத்தளம்’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஜோடியாக நின்றுவிடும். தொடையெலும்பின் பக்கம் உடைந்தால் ‘தொடைக்குமிழ் முறிவு’, அங்கே சிக்கல் இல்லை.

‘மூட்டு’ என்ற சொல் பெயருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதற்குக் காரணம் சிகிச்சைதான். எலும்பின் நடுத்தண்டு உடைந்து, கூடும்போது இம்மியளவு விலகியிருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். இங்கே அப்படி இல்லை, மூட்டின் தளம் சமமாக அமைய வேண்டும். தளத்தின் ஒரு துண்டு உள்ளே இறங்கிவிட்டால் அதைக் கீழிருந்து தள்ளி மேலே கொண்டுவந்து, அடியில் உண்டாகும் வெற்றிடத்தை எலும்புத் துகளாலோ கால்சியம் பாஸ்பேட் போன்ற நிரப்பியாலோ அடைத்து, அதற்குப் பிறகுதான் பிளேட்டும் ஸ்குரூவும். அதுவும் உடனே செய்துவிட முடியாது. அடி பலமாக இருந்தால் தோல் வீங்கிப் பளபளவென்று இறுகி நிற்கும், சில சமயம் கொப்புளமும் வரும். அந்நிலையில் கத்தி வைத்தால் புண் ஆறாமல் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு. அதனால் மூட்டின் மேலும் கீழும் வெளிக்கம்பிச் சட்டம் போட்டு, வீக்கம் வடிந்து தோலில் மெல்லிய சுருக்கங்கள் திரும்பும் வரை, ஒன்றிரண்டு வாரம்கூடக் காத்திருப்பார்கள்.

இந்த முறிவுகளைப் பிரித்துக் காட்ட 1979இல் வந்த ஷாட்ஸ்கர் வகைப்பாட்டின் ஆறு வகைக்கும் சொல் கேட்டிருந்தீர்கள். முதல் மூன்றும் வெளிப்பக்கத் தளம்: பிளவு, பிளவமிழ்வு (பிளந்து உள்ளேயும் இறங்குவது), அமிழ்வு (உள்ளே இறங்குவது மட்டும்). நான்காவது உட்பக்கம், ஐந்தாவது இருபக்கம். ஆறாவதில் தளமே தண்டிலிருந்து பிரிந்துவிடும், ‘தண்டுப்பிரிவு’ எனலாம். இந்த அமிழ்வின் ஆங்கிலப் பெயரான டிப்ரெஷனுக்கு ‘அழுத்தம்’ என்று எழுதியவர் தயவுசெய்து மாற்றிவிடுங்கள், படிப்பவர் மனநல மருத்துவரைத் தேடிப் போய்விடுவார்.

ரிடக்‌ஷனைக் ‘குறைப்பு’ என்று எழுதுவதும் அதே வகைதான். அங்கே எதையும் குறைப்பதில்லை, விலகியதைப் பழைய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். ‘நிலைசேர்த்தல்’ போதும்.

அப்புறம், விளைவுகள் பகுதியில் ‘குணமடைதல்’ என்ற ஒரே சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்தியிருக்கிறோம். எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பது ‘எலும்புக்கூடல்’. முழங்கால் மடங்கி நீண்டு, வலியில்லாமல் எடை தாங்குவது ‘மூட்டு மீட்சி’. முதலாவது சில மாதங்களில் வந்துவிடலாம், இரண்டாவது வராமலேயே போகலாம். நாற்காலியிலிருந்து சரளமாக எழவே 90 பாகைக்கு மேல் மடங்க வேண்டும், இறுகிப்போன மூட்டு அந்த இடத்தில்தான் காலை வாரும். அதனால்தான் பிளேட், ஸ்குரூவின் பிணைப்பு உறுதியாக இருந்தால் முதல் சில நாட்களிலேயே மடக்கப் பழக்குகிறார்கள், ஆனால் காலை ஊன்ற மட்டும் பொதுவாக 6 முதல் 12 வாரம் வரை விடுவதில்லை. நோயாளிகள் மாற்றிப் புரிந்துகொள்வதும் இதைத்தான்: ஊன்றக்கூடாது என்றால் அசைக்கவே கூடாது என்று எண்ணிக் காலை மரக்கட்டை போல வைத்திருப்பார்கள். ‘ஊன்றத்தடை’ என்று தனியாக ஒரு சொல் இருந்தால் இந்தக் குழப்பம் கொஞ்சம் குறையும்.

ஆண்டுகள் கழித்து வரும் தேய்மானத்துக்குக் ‘காயவழித் தேய்மானம்’ சரி, எனக்கு மறுப்பில்லை. ‘மிதக்கும் முழங்கால்’ அப்படியே இருக்கட்டும், மேலும் கீழும் இரண்டு எலும்பும் உடைந்து நடுவில் மூட்டு தனியாக நிற்பதற்கு அதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

‘அமிழ்வு’ தண்ணீரை நினைவூட்டுகிறது என்று யாராவது சொல்வீர்கள். மாற்று இருந்தால் அனுப்புங்கள், ‘உள்ளமுங்கல்’ மட்டும் வேண்டாம், வாயில் நுழையவில்லை.