கோகைன் பழக்கத்துக்கு மருந்து ட்ரையல், தம்பியை சேர்க்கலாமா?

அக்கா_ஒருத்தி:
வணக்கம். என் தம்பி கோகைனை விடணும்னு அவனே சொல்றான், கொஞ்ச நாள் விடுறான், திரும்ப போயிடுறான். இப்ப ஒரு மருந்து ட்ரையலுக்கு கூப்பிடுறாங்க, 12 வாரமாம், வாரம் மூணு தடவை யூரின் குடுக்கணுமாம், ஆனா அவனுக்கு கிடைக்கிறது நிஜ மருந்தா டம்மி மாத்திரையான்னு குடுக்கற டாக்டருக்கே தெரியாதாம். ஹெராயினுக்கு மெத்தடோன்னு மாற்று மருந்து இருக்கே, இதுக்கு மட்டும் ஏன் இன்னும் டெஸ்ட் பண்ணிட்டே இருக்காங்க? அம்மா வேற சோதனை எலியா ஆக்கிடுவாங்கன்னு அழறாங்க.

மருந்துப்பெட்டி:
அக்கா, மூளைல ஹெராயின் போய் உக்கார்ற ரிசப்டர்லயே, அதாவது அது ஒட்டிக்கற இடத்துலயே, மெத்தடோனும் உக்காந்துக்கும், அதனால அங்க வழி சுலபமா கிடைச்சுது. கோகைன் அப்படி இல்ல, மூளைல சுரந்த டோபமைன்ங்கற, சந்தோஷ உணர்வோட சம்பந்தப்பட்ட ரசாயனத்தை திரும்ப உள்ள இழுக்கற பம்பையே அடைச்சிடுது. அதுக்கு மாற்றா நிறைய மருந்து பார்த்தாச்சு. தூக்கம் வராம முழிச்சிருக்க குடுக்கற மொடஃபினில் 2005ல 62 பேரை வச்சு பண்ண ஸ்டடில நல்லா தெரிஞ்சுது, 2009ல 210 பேரை வச்சு பார்த்தப்ப மொத்தத்துல டம்மிக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. குடியை நிறுத்த குடுக்கற டைசல்ஃபிராம், வலிப்புக்கு குடுக்கற டோபிராமேட், ரெண்டுக்கும் ரிசல்ட் அங்க ஒண்ணு இங்க ஒண்ணுதான். மருந்துக்கு அனுமதி குடுக்கற அமெரிக்க அமைப்பான எஃப்டிஏ இதுவரை ஒண்ணுக்கும் அனுமதி தரல.

நிழல்மரம்:
தடுப்பூசி கூட போட்டு பார்த்தாங்க, டிஏ-சிடின்னு பேரு. ஆன்டிபாடி ரத்தத்துலயே கோகைனை பிடிச்சுக்கும், மூளைக்கு விடாது. ஆனா 2009ல வந்த ரிசல்ட்படி எல்லா ஊசியும் போட்டவங்கள்ல 38 சதவீதம் பேருக்குத்தான் தேவையான அளவு ஆன்டிபாடி வந்துச்சு, அப்புறம் 300 பேர் வச்சு பண்ண பெரிய ட்ரையலும் எதிர்பார்த்த மாதிரி போகல. ஊசி போதையைத்தான் தடுக்கும், ஆசையை இல்லையே.

வார்டு_நர்ஸ்:
நான் இந்த மாதிரி ட்ரையல்ல வேலை பார்த்தவ, அம்மாகிட்ட இதை சொல்லுங்க. டம்மி மாத்திரை கிடைச்சாலும் கவுன்சிலிங் எல்லாருக்கும் உண்டு, எப்ப வேணா விலகலாம், யாரும் காரணம் கேட்டு மடக்க முடியாது. கோகைன் உடைஞ்சு வர்ற பென்சாயில்எக்கோனின் ரெண்டு மூணு நாள் யூரின்ல நிக்கும், அதான் வாரம் மூணு தடவை. கப்புல ஒட்டியிருக்கற டெம்பரேச்சர் ஸ்ட்ரிப்பை பார்ப்போம், சூடு இல்லேன்னா வேற யாரோடதோன்னு சந்தேகம் வரும். தம்பி நடுவுல எடுத்துட்டா கூட மறைக்காம வரச்சொல்லுங்க, வராம போனா நிறைய ட்ரையல்ல அன்னிக்கு பாசிட்டிவ்னுதான் எழுதுவாங்க, பாதி பேர் வராம போயித்தான் எத்தனையோ மருந்துக்கு முடிவே சொல்ல முடியாம போச்சு. சேர்றதுக்கு முன்னாடி ஈசிஜி எடுக்கறாங்களான்னு கண்டிப்பா கேளுங்க, கோகைன் இதயத்தை ரொம்ப படுத்தும்.

அக்கா_ஒருத்தி:
ரொம்ப நன்றிங்க. ட்ரையல்ல சேராட்டி வேற என்னதான் வழி?

வார்டு_நர்ஸ்:
யூரின் சுத்தமா வந்தா கூப்பன் மாதிரி பரிசு குடுக்கற முறை ஒண்ணு இருக்கு, கோகைனுக்கு இன்னிவரை நல்லா நிரூபணம் ஆனது அதுதான். சில ட்ரையல்லயே சேர்த்து குடுப்பாங்க, அங்க உண்டான்னு கேட்டுட்டு சேருங்க.