மறுமொழி: என்ஜின் டியூனிங் – தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

கிள்ளான் தம்பி தன் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ கார் பற்றித் தமிழில் கட்டுரை எழுதப் போய், முதல் வரியிலேயே 'டியூனிங்'கில் முட்டி நின்றதால் தொடங்கிய பேச்சு இது. இதுவரை வந்த சொற்கள் திறனேற்றம், முறுக்கேற்றல், மெருகூட்டல், இசைவிப்பு. நான் இன்னொன்றை முன்வைக்கிறேன்: பண்ணமைப்பு. ஏன் இந்தச் சொல் என்று சொல்ல, முதலில் காடியின் (காரின்) பானெட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது. மடல் கொஞ்சம் நீளும்.

> டியூனிங்னா பவர் கூட்டுறதுதானே அண்ணே? திறனேற்றம்னே வச்சிடலாமே.

இதில்தான் எனக்கு உடன்பாடில்லை, தம்பி. உன் காடியையே எடுத்துக்கொள்வோம். ஏழாம் தலைமுறை ஜிடிஐ, 1984 சிசி, 220 குதிரைத்திறன். முறுக்குவிசை 350 நியூட்டன் மீட்டர். அது நிமிடத்துக்கு 1500 சுழற்சியில் தொடங்கி 4400 வரை ஒரே மட்டமாக நிற்கும். டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி, உள்ள என்ஜின் தன் போக்கில் ஓடினால் அந்தக் கோடு அப்படி நேராக வராது. காற்றழுத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏறவிடாமல் என்ஜினின் கணினி பிடித்து வைத்திருப்பதால் வருவது அது. மட்டமான பெட்ரோல், கடும் வெயில், நேரத்துக்குச் சர்வீஸ் செய்யாத உரிமையாளர் என்று எல்லாவற்றையும் எண்ணித்தான் தயாரிப்பாளர் கொஞ்சம் இருப்பு வைக்கிறார். கணினிக்குக் கட்டளை தரும் மென்பொருள் கோப்பை மட்டும் மாற்றி அந்த இருப்பில் ஒரு பங்கை எடுத்துக்கொள்வதைத்தான் 'ஸ்டேஜ் 1' என்கிறார்கள். வேறு எதையும் தொடாமலே 50 குதிரைத்திறனுக்கு மேல் கூடும்.

சரி, கூடட்டும். ஆனால் அந்தக் காடியில் இருக்கும் ஆறு கியர் டிஎஸ்ஜி (இரட்டைக் கிளட்ச் தானியங்கி) பெட்டி 350 நியூட்டன் மீட்டர் அளவை வைத்து வடிவமைக்கப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே என்ஜின் அந்த வரம்பைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 2000 சுழற்சியிலேயே முறுக்குவிசையை எகிறவிடும் கோப்பு முதல் வாரம் இனிக்கும், அப்புறம் கிளட்ச் வழுக்கும். நிதானமான ஒருவர் கோப்பு எழுதினால் கீழ்ச் சுழற்சியில் அடக்கி, நடுவில் படிப்படியாக விட்டு, 4400க்குப் பிறகு காடி சோர்ந்து போகும் இடத்தில்தான் தாராளமாகக் கொடுப்பார். ஓரிடத்தில் பிடிப்பதும் ஓரிடத்தில் விடுவதும் சேர்ந்த வேலை இது. 'ஏற்றம்' என்ற சொல் அதில் பாதியைத்தான் சொல்கிறது.

'முறுக்கேற்றல்' காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முறுக்குவிசை என்று ஏற்கெனவே வழங்கும் சொல்லோடு குழம்பும். 'மெருகூட்டல்' என்றால் கோலாலம்பூர் செந்தூல் பக்கம் யாரும் வண்டிக்கு மெழுகு போடுவதாகத்தான் நினைப்பார்கள். இரண்டையும் இத்தோடு விட்டுவிடலாம்.

அடுத்து நம் ஊர். இதைப் பற்றி யாரும் எழுதவில்லை, எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. கோலாலம்பூரில் பிற்பகலில் காற்று 33 பாகை. டர்போ அதை 1 பார் அளவுக்கு அழுத்தினால், அழுத்திய சூட்டிலேயே காற்று 100 பாகையைத் தாண்டிவிடும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, அதனால் ஆக்சிஜனும் குறைவு. அதோடு நாக்கிங்கும் வரும். தீப்பொறி பற்றவைத்த சுவாலை பரவி முடிவதற்குள், மீதிக் கலவை அழுத்தத்தாலும் சூட்டாலும் தானே வெடிப்பதுதான் நாக்கிங். அது பிஸ்டனையே உடைத்துவிடும். 1962இல் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் பயணிகள் கார்களில் ஒன்று. இதே தொல்லையைச் சமாளிக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் நிரப்பி என்ஜினுக்குள் தெளித்தார்கள். தொட்டி தீர்ந்தால் அழுத்தம் குறைந்துவிடும். இன்று அந்த வேலையில் பெரும்பகுதியை, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும், நாக்கிங்கைக் காதுகொடுத்துக் கேட்கும் உணரியும், கணினியும் பார்த்துக்கொள்கின்றன.

அந்த உணரி சத்தத்தைக் கேட்டதும் கணினி தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளும். என்ஜின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் வேகம் போய்விடும். இப்போது யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவுதான் ஆக்டேன் (நம் ஊரில் ரோன்). ஜெர்மனியில் 98 ஆக்டேன் எளிதாகக் கிடைக்கும். அதற்கென்றே எழுதிய கோப்பை இங்கே வாங்கி ஏற்றி, ரோன் 95 எண்ணெய் (பெட்ரோல்) ஊற்றி, கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் அரைமணி நேரம் வெந்தபின் அழுத்தினால் என்ன ஆகும்? கொடுத்த காசுக்கான பலம் பாதியிலேயே காணாமல் போகும். நம்மிடம் பெரும்பாலான நிலையங்களில் 95ம் 97ம் உண்டு. 100 சில நிலையங்களில் மட்டும். ஆகவே தம்பி, நீ வழக்கமாக எந்த எண்ணெய் ஊற்றுவாய் என்பதைப் போமேனிடம் (பழுதுபார்ப்பவரிடம்) முதலிலேயே சொல். 97க்கு எழுதச் சொல்லிவிட்டு மாதக் கடைசியில் 95 ஊற்றாதே. ஊரின் வெயில், கிடைக்கும் எண்ணெய், கியர்பெட்டியின் தாங்குதிறன், ஓட்டுபவரின் சுபாவம் எல்லாவற்றுக்கும் ஏற்ப ஒரு என்ஜினை அமைப்பதுதான் இந்த வேலை. நமக்கு வேண்டிய சொல்லில் அந்த 'ஏற்ப' இருந்தாக வேண்டும்.

> வானொலிக்கு இசைவிப்பு என்கிறோம். எந்திரத்துக்கும் அதுவே பொருந்தாதா?

ஈப்போ ஐயாவின் இந்தக் கேள்வியை மதிக்கிறேன். இருந்த நாலில் இதுதான் சிறந்தது. ஆனால் வானொலியை இசைவிப்பது என்றால் வெளியே ஏற்கெனவே இருக்கும் அலைவரிசையைப் போய்ப் பிடிப்பது. சரியான எண் ஒன்றுதான். என்ஜினுக்கு அப்படி ஒரு சரியான எண் கிடையாது. ஒரே ஜிடிஐயைக் கெந்திங் மலைச்சாலைக்கு ஒரு விதமாகவும், சிப்பாங் பந்தயப் பாதைக்கு ஒரு விதமாகவும் அமைக்கலாம். இரண்டும் சரிதான்.

யாழில் இது நடக்கிறது. பாடப்போகும் பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை இழுத்தும் தளர்த்தியும் நிறுத்துவதைப் பழந்தமிழில் 'பண்ணல்' என்றார்கள். யாழ் வாசிப்பின் எட்டுச் செயல்களைச் சிலப்பதிகாரம் கானல்வரியில் அடுக்கும்போது முதலில் வருவது இதுதான். இதோடு நின்றிருந்தால் இசைச் சொல்லைக் கடன் வாங்குகிறோம் என்று நானே தயங்கியிருப்பேன். ஆனால் வாகனத்துக்கும் இதே வினை இருக்கிறது. புறநானூற்றின் 12ஆம் பாட்டில் 'புனைதேர் பண்ணவும்' என்று வருகிறது. தேரை ஏறிச் செல்வதற்கு ஏற்ப அமைப்பது என்று பொருள். நரம்புக்கும் தேருக்கும் ஒரே வினைச்சொல் நம்மிடம் இருந்திருக்கிறது!

இன்றைய பேச்சையும் பாருங்கள். நம் பிள்ளைகள் எல்லாரும் 'டியூன் பண்ணியாச்சா' என்றுதான் கேட்கிறார்கள். அதில் 'டியூன்' சொல்லும் பொருள், ஒரு காலத்தில் பக்கத்தில் நிற்கும் 'பண்ணு'க்கே சொந்தமாக இருந்தது.

> பண்ணுதல் என்றால் இன்று 'செய்தல்' மட்டும்தான். பண்ணமைப்பு என்றால் யாரோ பாட்டுக்கு மெட்டுப் போடுகிறார்கள் என்று படிப்பார்கள்.

பினாங்கு அக்கா சொல்வது நியாயமான தடை. வெறும் 'பண்ணல்' நிற்காது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். அதனால்தான் 'அமை'யைச் சேர்த்தேன், அக்கா. முதல்முறை வரும் இடத்தில் 'என்ஜின் பண்ணமைப்பு' என்று முழுதாக எழுதிவிட்டால் மெட்டு என்ற எண்ணம் வராது. என்ஜினுக்குப் 'பொறி' போடலாமே என்று கேட்பீர்கள். தீப்பொறி அடிக்கடி வரும் கட்டுரையில் பொறி இரண்டு பக்கமும் இழுக்கும். 'எந்திரம்' எல்லா மெஷினுக்கும் பொது. இந்தக் கட்டுரைக்கு என்ஜின் என்றே இருக்கட்டும்.

சொல் நிற்குமா என்று பார்க்க வாக்கியத்தில் ஓட்டிப் பார்த்தேன். 'காடியைப் பண்ணமைக்கக் கொடுத்திருக்கிறேன்.' 'நன்றாகப் பண்ணமைந்த என்ஜின்.' 'முதற்படிப் பண்ணமைப்பு.' 'பண்ணமைப்புக் கோப்பு.' 'பண்ணமைப்பாளர்.' பண்ணமைத்த, பண்ணமைந்த என்று செய்வதற்கும் ஆவதற்கும் தனித்தனி வடிவம் தானாகவே கிடைக்கிறது. திறனேற்றத்தில் இந்த வசதி உண்டா? 'திறனேறிய என்ஜின்' என்றால் யாரும் ஏற்றாமல் அதுவே ஏறிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

இனி கட்டுரையின் உள்ளடக்கம், தம்பி. நீ அனுப்பிய வரைவில் முதல் செலவாக எக்சோஸை (புகைபோக்கியை)ப் போட்டிருக்கிறாய். தயவுசெய்து மாற்று. முதலில் பழைய ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், என்ஜின் எண்ணெய், குளிர்நீர். இவை சரியில்லாத வண்டியில் அழுத்தத்தை ஏற்றினால் முதலில் விட்டு விட்டு எரிவதுதான் நடக்கும். அப்புறம் நல்ல டயர், பிரேக் பேட், பிரேக் திரவம். கெந்திங்கிலிருந்து இறங்கும்போது இவற்றின் அருமை தெரியும். இதற்குப் பிறகுதான் கோப்பு. கோப்புக்கு முன்னும் பின்னும் டைனோவில் (திறன் அளக்கும் எந்திரத்தில்) ஏற்றி அளந்த தாளை வாங்கிக்கொள், வாய்வார்த்தையை நம்பாதே. அதோடு நிற்கலாம். மனம் கேட்கவில்லை என்றால் பெரிய இன்டர்கூலர். வரைபடத்தில் அது பெரிதாக எதையும் காட்டாது. ஆனால் மூன்றாவது, நான்காவது முறை அழுத்தும்போதும் முதல்முறை வந்த பலமே வரும். நம் வெயிலுக்கு எக்சோஸைவிட இது பல மடங்கு பயன்.

புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டைக் கழற்றிய டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை இறங்கும் குழாய்) பற்றிய பத்தியை எடுத்துவிடு. சட்டச் சிக்கல் ஒரு பக்கம் இருக்கட்டும். அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நள்ளிரவில் வெடித்துக்கொண்டு போகும் காடி யாருக்கும் இன்பம் தருவதில்லை. உள்ளே தூங்குவது நம் சனங்கள்தான். கோப்பை மாற்றியதை நிறுவனத்தின் கணினி கண்டுகொள்ளும், உத்தரவாதம் போகலாம், காப்புறுதிக்காரரிடம் மறைக்கக்கூடாது என்பதையும் தடித்த எழுத்தில் போடு. புதிதாக வாங்கியவர் இதைப் படித்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

மற்றச் சொற்களைப் பொறுத்தவரை, இன்டர்கூலருக்கு 'இடைக்குளிர்விப்பான்' சரிதான், நீளம் பற்றிக் கவலையில்லை. நாக்கிங்குக்கு 'தட்டல்' என்று வந்திருக்கிறது. கதவைத் தட்டும் நினைவு வருகிறது, இன்னும் யோசிக்கலாம்.

வேஸ்ட்கேட்டுக்கு அக்கா சொன்ன 'கலிங்கு' என்னைத் துள்ள வைத்துவிட்டது. அழுத்தம் மிகும்போது மிச்சப் புகையை டர்போவின் சுழலி பக்கம் விடாமல் வேறு வழியில் திருப்பும் கதவு அது. நிறைந்த ஏரியில் மிகைநீரைக் கரை உடையாமல் வெளியேற்றும் அமைப்புதான் கலிங்கு. வேலை இரண்டுக்கும் ஒன்றே. ஏரிப்பாசனம் பார்க்காத நம் மலேசியப் பிள்ளைகளுக்கு ஒரு வரி விளக்கம் தேவைப்படும், அவ்வளவுதான். தம்பி, 'புகைக் கலிங்கு' என்றே எழுது. பண்ணமைப்புக்கு இன்னும் தடை உள்ளவர்கள் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் எழுதிவிடுங்கள்.