பரிசுப் பணமல்ல, பயம்தான்: கபடித் திடலில் நான் பார்த்தது

பொங்கல் வந்துவிட்டால் மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் கபடி. விளக்குக் கட்டி விடிய விடிய ஆட்டம் நடக்கும். பல வருடமாக அங்கே நடுவராக நிற்கிறேன். பையன்கள் ஊக்கமருந்து எடுப்பது பரிசுத் தொகைக்காக என்று பலர் சொல்கிறார்கள். என்னிடம் மனம்விட்டுப் பேசியவர்களிடம் காசாசையைவிடப் பயம்தான் அதிகம்.

ஒரு பையன், அருமையாகப் பாடிப் போவான். முட்டியில் அடிபட்டு ஒரு சீசன் வெளியே இருந்தான். திரும்பி வருவதற்குள் அவன் இடத்துக்கு இன்னொருவன் வந்துவிட்டான். ஒரு ராத்திரி வேனுக்குப் பின்னால் ஊசி போட்டுக்கொண்டு நின்றான். முட்டியில் சுற்றிய பேண்டேஜின் கிளிப்பை மாட்ட முடியாத அளவுக்கு விரல்கள் நடுங்கின. ஏன்டா என்றேன். "எதிர் டீம்ல எல்லாரும் போட்டுட்டுத்தான் சார் இறங்குறாங்க." நீ பார்த்தாயா? இல்லை, சீனியர் அண்ணன் சொன்னாராம். அந்த எதிர் டீம் பையன்களும் இவர்களைப் பற்றி இதையேதான் என்னிடம் சொன்னார்கள்!

அவன் போட்டது மெபென்டெர்மின். அறுவை சிகிச்சையின்போது இறங்கும் ரத்த அழுத்தத்தை ஏற்றக் கொடுக்கிற மருந்து அது. களைப்பை மறைக்கும், இதயத் துடிப்பும் அழுத்தமும் எகிறும். விளையாட்டில் தடை செய்யப்பட்டது. உடம்பைக் கெடுப்பது ஒருபக்கம் இருக்கட்டும், மனசைப் பிடித்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய கவலை. ஜெயித்தால் ஊசியால் ஜெயித்தோம், தோற்றால் போடாததால் தோற்றோம் என்றே கணக்குப் போடுகிறார்கள். விடியற்காலையில் எழுந்து ஓடிய ஓட்டமெல்லாம் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

எடைப்பிரிவு ஆட்டங்களில் இன்னொரு கூத்து. எடை குறைய முதல் நாளே தண்ணீரை நிறுத்திவிட்டு, சிறுநீர் பிரிய வைக்கும் ஃப்யூரோசெமைடு மாத்திரையைப் போடுகிறார்கள். "இது வெறும் தண்ணி மாத்திரைதானே" என்பார்கள். அதுவும் தடைப்பட்டியலில் உள்ளதுதான். பொட்டாசியம் இறங்கினால் தசை பிடிக்கும், இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்கு ஊக்கமருந்துத் தடுப்பு அதிகாரிகள் வந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஒரே ஒருவர்தான் ஓடினார். நம் ஊர்த் திடலுக்கு அப்படி யாரும் வருவதில்லை. பையன் கேட்பது பயிற்சியாளர் வார்த்தையையும் சீனியர் வார்த்தையையும்தான்.

அந்தப் பையனுக்கும் அப்படி ஒரு வார்த்தைதான் உதவியது. அவன் பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "முட்டி சரியாகட்டும்டா, உன் இடம் உனக்குத்தான். ஊசியோட மட்டும் வராதே." அடுத்த ஆட்டங்களில் ஊசியில்லாமல் இறங்கினான். சிலவற்றில் மோசமாகத்தான் ஆடினான். ஆனாலும் அவர் அவனை வெளியே உட்கார வைக்கவில்லை.

கும்பகோணம், பட்டுக்கோட்டைப் பக்கம் பையன்களைப் பழக்குகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: அடிபட்டுத் திரும்பும் பையனை எப்படிக் கையாளுகிறீர்கள்?