புதுப்பிப்பு: வி.எஃப்.டி. பொருத்தியபின் லேத்தின் டேக்கோமீட்டர் தாவியது – தீர்ந்துவிட்டது

230 வோல்ட் ஒருமுனை மின்சாரத்தில் இயங்கும் வி.எஃப்.டி.யையும் (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 1 எச்.பி. மும்முனை மோட்டாரையும் என் சிறிய லேத்தில் (கடைசல் இயந்திரம்) பொருத்தியபின், நிமிடத்துக்கு 720 சுற்று என்று காட்டவேண்டிய டேக்கோமீட்டர் (சுழற்சி வேகமானி) 2000, 3000 என்று தாவுவதாக இங்கே கேட்டிருந்தேன். பொறுமையாகப் பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில், சுழலும் காந்தத்தை, அது கடப்பதை உணர்ந்து சுற்றுகளை எண்ண உதவும் ஹால் சென்சாருக்கு 3 மி.மீ. அருகே நகர்த்தினேன், பயனில்லை. சென்சாரின் சிக்னல் கம்பிக்கும் அதன் மின்வழங்கலுக்கும் இடையே 10 கிலோ ஓம் மின்தடையைச் சேர்த்ததும் தாவல் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வி.எஃப்.டி.யிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிளைக் கவசமுள்ளதாக மாற்றி, கவசத்தை இரு முனைகளிலும் எர்த் செய்து, சென்சார் கேபிளை லேத்தின் மறுபக்கமாகத் தனியே கொண்டுசெல்லும்படி ஒருவர் சொன்ன யோசனைதான் முழுத் தீர்வு தந்தது. இப்போது காட்டும் எண், கையடக்க ஒளி டேக்கோமீட்டரின் அளவோடு ஒத்துப்போகிறது. வி.எஃப்.டி. தரும் 230 வோல்ட்டுக்கு ஏற்ப, மோட்டார் சுருள்களின் இணைப்பை ஸ்டார் முறையிலிருந்து டெல்டா முறைக்கு மாற்றச் சொன்னதும் மிகச் சரியான அறிவுரை.

நான் எதிர்பாராதது மோட்டாரின் சூடு. அதைக் குளிர்விக்கும் விசிறியும் அதே தண்டில் சுழல்வதால் வேகம் குறைந்தால் காற்றும் குறைகிறது; 15 ஹெர்ட்ஸில் இருபது நிமிடம் கடைந்ததும் மோட்டாரைத் தொட முடியவில்லை. ஆகவே 25 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்காமல், குறைந்த வேகத்துக்குப் பழைய பெல்ட் கப்பியையே மாற்றிக்கொள்கிறேன். அப்படிச் செய்யும்போது திருப்புவிசையும் கூடுதலாகக் கிடைக்கிறது. வி.எஃப்.டி.யைத் திறப்பவர்கள் மின்சாரத்தை நிறுத்தியபின் அதன் மின்தேக்கிகளில் தேங்கிய மின்சாரம் இறங்கும்வரை, கையேட்டில் குறிப்பிட்ட நேரம் கட்டாயம் காத்திருக்க வேண்டும்.