ஸ்பிட்ஸ் பாட்டைச் சுருதி இறக்கிப் பாடலாமா?

செண்டாய்_மழை:
நேற்று அலுவலக விருந்து. முடிந்ததும் வழக்கம்போல நிஜிகாய், அதாவது இரண்டாம் சுற்றுக்கு, பின்னணி இசைக்கு நாமே பாடும் காரோகே அறைக்குப் போனோம். ஒருவர் ஜப்பானிய ராக் குழுவான ஸ்பிட்ஸின் 'ராபின்சன்' போட்டார். ஆகா என்று நிமிர்ந்து உட்கார்வதற்குள் ரிமோட்டை எடுத்துச் சுருதியை நாலு படி இறக்கிவிட்டார். அந்த முன்னிசை தெரியும்தானே? மிவா தெத்சுயா கிட்டாரில் ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டுவது. அதன்மேல் ஈரச்சாக்கைப் போட்டு மூடியதுபோல ஆகிவிட்டது.

என் கட்சி இது: குழுவின் பாடகர் குசானோ மசாமுனே பாடிய சுருதியில் பாட முடிந்தால் பாடுங்கள். முடியாவிட்டால் வேறு பாட்டு போடுங்கள். அந்தப் பாட்டின் ஏக்கமே குரல் எட்டிப் பிடிப்பதில்தான் இருக்கிறது. இறக்கிவிட்டால் மெட்டு மட்டும்தான் மிச்சம். கூட்டமாகக் கத்த அவர்களுடைய 'செர்ரி' இருக்கிறதே, அதை எடுத்துக்கொள்ளட்டும்.

கசாய்க்காரன்:
அந்த ஆள் நான் இல்லைன்னு முதல்லயே சொல்லிடறேன். ஆனா நானும் நாலு படி கட்சிதான்.

காரோகே எப்படிப் பொறந்துச்சுன்னு பாருங்க. 1971, கோபே நகரம். இனோவே டைசுகே கிளப்புல கீபோர்டு வாசிச்சவர். அவரோட வாடிக்கை ஒரு கம்பெனி முதலாளி. மனுஷனுக்குப் பாட்டு சரியா வராது, ஆனா இனோவே அவர் குரலுக்குத் தகுந்தமாதிரி வளைஞ்சு குடுத்து வாசிப்பார். முதலாளி கம்பெனி டூருக்கு வாசிக்கக் கூப்பிட்டப்ப இவரால போக முடியல. அவருக்கேத்த மாதிரியே வாசிச்சு டேப்புல பதிஞ்சு குடுத்தனுப்பினார். காசு போட்டா பாடுற பெட்டி அதுக்கப்புறம்தான். பாடத் தெரியாதவனுக்காக இசை இறங்கி வந்த கதை சார் இது. அந்தப் பொத்தானை அமுக்கறது தப்புன்னா காரோகேவே தப்பு.

பழைய_கிட்டார்:
தேதியில் ஒரு திருத்தம். 1967லேயே தோக்கியோவில் நெகிஷி ஷிகெஇச்சி இப்படி ஒரு பெட்டி செய்துவிட்டார். பெயர் போனது இனோவேக்கு. 2004இல் அவருக்கு, நோபலைக் கிண்டல் செய்து தரும் இக் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது, மனிதர்கள் ஒருவரையொருவர் பொறுத்துக்கொள்ளப் புது வழி காட்டினாராம். இந்தத் திரியைப் பார்த்தால் பரிசைத் திரும்ப வாங்கிவிடுவார்கள்.

செண்டாய்_மழை:
முதலாளி கதை நல்ல கதைதான். ஆனால் நான் எல்லாப் பாட்டையும் சொல்லவில்லை, ஸ்பிட்ஸை மட்டும் சொல்கிறேன். குசானோ முதலில் பங்க் பாடியவர். புளூ ஹார்ட்ஸ் குழுவைக் கேட்டதும், தான் செய்ய நினைத்ததை அவர்கள் செய்து முடித்துவிட்டதாக மனம் உடைந்து கொஞ்ச காலம் ஒதுங்கியே இருந்தார். பிறகு அக்கூஸ்டிக் கிட்டாரோடு திரும்பி வந்தார். அப்படித் தேடிக் கண்டுபிடித்த குரல் அது. உயரமான, ஒரு நடுக்கமும் இல்லாத, நேர்கோடு மாதிரிக் குரல். 1987இல் கூடிய அதே நாலு பேர்தான் இன்றும் வாசிக்கிறார்கள், 1995 ஏப்ரலில் 'ராபின்சன்' வரும்வரை பெரிய வெற்றியே இல்லாமல் பத்து சிங்கிள் போட்டவர்கள். இத்தனைக்கும் பிறகு கிடைத்த சுருதியை ரிமோட்டில் நாலு தட்டுத் தட்டி இறக்குவதா?

ஒற்றை_அறை:
ஒரு சந்தேகம் கேட்கிறேன். நான் பெண். உங்களுக்கெல்லாம் குசானோவின் பல்லவி ஆகாயம் என்றால், எனக்கு ஆரம்ப அடிகள் பாதாளம். மூன்று படி ஏற்றித்தான் பாடுகிறேன். ஏற்றுவதும் குற்றமா, இறக்குவது மட்டும்தானா? 2002இல் வந்த ஸ்பிட்ஸ் அஞ்சலித் தொகுப்பில் மட்சுதோயா யுமி 'கயெதே' பாடியிருக்கிறார். முழுக்க வேறு குரல், வேறு நிறம். எனக்கு அதுவும் 'கயெதே'தான்.

இன்னொன்று. நான் வாரநாள் மதியங்களில் ஹிதோகாரா போகிறவள். தனி ஆள், தனி அறை, எதிரில் 'டாம்' என்கிற காரோகே இயந்திரம். மதிப்பெண் முறையைப் போட்டுவிட்டுப் பாடினால், சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் அது ஒரு மார்க்கும் குறைக்காது. ஆனால் குரலை நடுக்கினால் விப்ராத்தோ என்று எண்ணி வைத்துக்கொள்ளும். வழுக்கி மேலேறினால் அதையும் எண்ணும். அந்த மார்க்குக்கு ஆசைப்பட்டு நானே ஒருநாள் 'கயெதே'வை நடுக்கி நடுக்கிப் பாடினேன். எண்கள் ஏறின. பாட்டு யாரோ பழைய என்கா பாடகர், அதாவது குரலை நடுக்கிச் சோகம் பாடுகிறவர், பாடியதுபோல இருந்தது, எனக்கே சகிக்கவில்லை. நீங்கள் சொல்லும் அந்த நேர்கோடு அங்கேதான் போனது, சுருதியில் போகவில்லை.

பழைய_கிட்டார்:
இது பாயிண்ட்.

ஆனால் 'செர்ரி'யைக் கத்துகிற பாட்டு என்று முதல் பதிவில் போகிறபோக்கில் சொன்னதை விடமாட்டேன். 1996இல் வந்தது. கிட்டார் கற்கிற பிள்ளைகளுக்கு இங்கே முதலில் கொடுக்கும் பாட்டுகளில் ஒன்று. நானும் விரல் நோக நோக அதில்தான் எஃப் கார்டு பிடிக்கப் பழகினேன். பல்லவி 'ஐஷிதெரு', அதாவது 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று தொடங்குகிறது. வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லத் தயங்குகிற சொல் அது. அதன் ஓசை மட்டுமே தைரியம் தருவதாகப் பாடுகிறார். மேலாளரிலிருந்து புதுப்பையன்வரை அந்த இடத்தில் சேர்ந்து பாடுவதைக் கேட்டிருக்கிறீர்களா? அது கத்தல் இல்லை.

கசாய்க்காரன்:
'செர்ரி'ன்னதும் ஞாபகம் வருது. நான் ஜப்பானுக்கு வந்த புதுசுல பாட்டுப் பேர் தெரியாம 'ஐஷிதெரு'ன்னு தலைப்புல தேடி, வேற யாரோட அழுகைப் பாட்டோ ஓட ஆரம்பிச்சு, மொத்த டீம் முன்னாடி மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். பாட்டுக்குள்ள 'செர்ரி'ங்கிற சொல் வரவே வராதுன்னு யாருக்குத் தெரியும்? 'ராபின்சன்'லயும் அந்தப் பேர் வராது. அது குசானோ தாய்லாந்துல பார்த்த ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் பேரு. சும்மா தற்காலிகமா வெச்சாங்க, அப்படியே ஒட்டிக்கிச்சு. பேரையே இவ்வளவு லேசா எடுத்துக்கிட்ட மனுஷன் நம்ம நாலு படிக்கா அழப்போறார்?

செண்டாய்_மழை:
பெயர் வேறு, சுருதி வேறு. அந்த வாதம் செல்லாது.

ஒற்றை_அறை சொன்னதுதான் உறுத்துகிறது. நேற்று சுருதி இறக்கியவர் பாடியதை நினைத்துப் பார்க்கிறேன், நடுக்கமெல்லாம் இல்லை, ஒழுங்காகத்தான் பாடினார். எனக்கு உறைத்தது அந்த கிட்டார்தான். சரி, பெண்கள் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளுங்கள். இறக்குவது இரண்டு படிவரை.

பழைய_கிட்டார்:
மீன் கடையில் பேரம் பேசுவதுபோல இருக்கிறது.

கசாய்க்காரன்:
மூணு?

அது கிடக்கட்டும். வர்ற வெள்ளிக்கிழமை டீம்ல ஒருத்தர் வேலையை விட்டு ஊருக்கே திரும்பறார். 'கயெதே' போடலாம்னு இருக்கேன்.

ஒற்றை_அறை:
வேண்டாம் அண்ணா. பல்லவியே 'சயோனாரா', போய்வா என்றுதான் தொடங்கும். கிளம்புகிறவரை உட்கார வைத்து அழவைப்பீர்களா?

செண்டாய்_மழை:
ஸ்பிட்ஸின் 'சோரா மோ தொபெரு ஹஸு' போடுங்கள். 1994இல் வந்தபோது அவ்வளவாகப் போகவில்லை. 1996இல் 'ஹகுசென் நகாஷி' என்ற பள்ளி மாணவர் டிவி தொடருக்கு அதை வைத்ததும் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு ஏறியது. இன்றும் பள்ளி முடித்துப் போகும் விழாக்களில் பிள்ளைகள் சேர்ந்து பாடுகிறார்கள். வழியனுப்ப அதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது.

கசாய்க்காரன்:
அந்தப் பிள்ளைங்க எல்லாம் குசானோ சுருதியிலதான் பாடறாங்களா?

செண்டாய்_மழை:
இரண்டு படி. அதற்குமேல் பேச்சில்லை.