வெள்ளை வான்கோழி, சிவப்பு வான்கோழி: பண்ணையை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கோபிக்காரன், பென்சில்வேனியா:

பதினோரு வருஷமாக நவம்பர் நான்காம் வியாழனை பிரியாணி போட்டே ஓட்டிவந்த வீடு எங்களுடையது. இந்த முறை மகள் பிடிவாதம். வகுப்பில் எல்லோர் வீட்டிலும் தேங்க்ஸ்கிவிங்குக்கு வான்கோழியாம், நம் வீட்டில் மட்டும் ஏன் இல்லையாம்.

சரி என்று கடைக்குப் போனேன். ஃப்ரீசர் நிறைய வான்கோழி, பவுண்டு 99 சென்ட். பக்கத்திலேயே அதே அளவுப் பறவை, ‘ஆர்கானிக், ஃப்ரீ ரேஞ்ச்’ என்று பச்சை லேபிளோடு நாலு மடங்கு விலை. இன்னொன்றில் ‘ஹார்மோன் சேர்க்கவில்லை’ என்று பெரிய எழுத்து. அதன் கீழே எறும்பு எழுத்தில் ‘கோழியினத்துக்கு ஹார்மோன் கொடுப்பதை அரசு விதிகளே தடை செய்துள்ளன’. யாருமே செய்யக்கூடாததை நான் செய்யவில்லை என்று பெருமை பேசுவதை நம்மூர் மேடைகளில்தான் கேட்டிருக்கிறேன்.

ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். அப்புறம் அலுவலகத்தில் ஒருவர் சொல்லி, லங்காஸ்டர் பக்கம் ஒரு சின்னப் பண்ணைக்குப் போன் செய்தேன். ஜூலையிலேயே முன்பணம் கட்டிப் பதிய வேண்டுமாம். யாரோ வேண்டாம் என்று விட்ட இடம் எனக்குக் கிடைத்தது. பறவையைப் பார்க்கலாமா என்று கேட்டதற்குப் பண்ணைக்காரர் தாராளமாக வாருங்கள் என்றார்.

காரை நிறுத்திக் கதவைச் சாத்தியதுதான் தாமதம், மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் ‘களகளகள’ என்று பதில் சொன்னது. மகள் சிரித்தாள். அதற்கும் ஒரு பதில். அப்புறம் அவள் சும்மா சும்மா சிரித்துக்கொண்டே இருந்தாள், அவையும் விடவில்லை.

மின்வேலி வலை கட்டி உள்ளே மேயவிட்டிருந்தார்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வலையைப் பிடுங்கி அடுத்த புல்லுக்கு நகர்த்துவார்களாம். எங்கள் ஊரில் அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுப்பட்டி போடுவதும் இதேதான். மேய்ச்சலும் ஆச்சு, நிலத்துக்கு எருவும் ஆச்சு. இரண்டு கூட்டம் தனித்தனியாக இருந்தன. ஒன்று வெள்ளை, மற்றது செங்கல் நிறம். செங்கல் நிறத்துக்கு ‘பர்பன் ரெட்’ என்று பெயர், கென்டக்கியின் பழைய இனம். அதில் ஒன்று கம்பத்தின் மேல் உட்கார்ந்திருந்தது, இரண்டு தீவன வண்டியின் கூரையில். வெள்ளை இனமோ பத்தடி நடந்தால் உட்கார்ந்து கொள்கிறது. மார்பு அவ்வளவு கனம். சேவலால் இயல்பாகச் சேரக்கூட முடியாது, செயற்கைக் கருவூட்டல்தான் என்றார் பண்ணைக்காரர். கடை ஃப்ரீசரில் கிடப்பதும் இதே வெள்ளை இனம்தான்.

சிவப்பு மே மாதக் குஞ்சு, ஆறரை மாதம் தீனி போட வேண்டும். வெள்ளை ஜூலையில் வந்து நவம்பருக்குள் அதன் எடையைத் தாண்டிவிடும். பிறகு யார் சிவப்பை வளர்ப்பார்கள்? பழைய கால்நடை இனங்களைக் காக்கும் அமைப்பு ஒன்று 1997-ல் எண்ணியபோது, அமெரிக்கா முழுக்க பழைய வான்கோழி இனங்கள் எல்லாம் சேர்த்தே இனவிருத்திக்கு 1,335 பறவைகள்தான் இருந்தன.

ஆர்கானிக்கா என்று கேட்டேன். இல்லை என்றார். ஆர்கானிக் தீவனம் வாங்கினால் அவருக்குக் கட்டுப்படியாகாதாம், அதனால் சான்றிதழுக்கே போகவில்லை. ஆக, கடையில் சான்றிதழ் உள்ள, நான் பார்க்காத பறவை. இங்கே சான்றிதழ் இல்லாத, கண்ணெதிரே புல் மேயும் பறவை. சிவப்புக்கு பவுண்டு ஒன்பது டாலர், வெள்ளைக்கு ஐந்து. பதினாலு பவுண்டுச் சிவப்பு ஒன்றுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். நூற்று இருபத்தாறு டாலர். மனைவி இன்னும் பேசவில்லை. பண்ணைகளை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இங்கே இருந்தால் சொல்லுங்கள்.

பனிக்காட்டு மதுரைக்காரன், மினசோட்டா:

தம்பி, அமெரிக்காவில் வான்கோழி அதிகம் வளர்ப்பது எங்கள் மாநிலம்தான். வான்கோழி ஷெட்டுகளுக்குக் காற்றோட்டக் கருவி பொருத்துவது என் வேலை, பல வருஷமாக. சொல்கிறேன், கேளுங்கள்.

ஷெட்டுக்குள் போவது ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற மாதிரி. வாசலில் ஒரு பெஞ்ச். இந்தப் பக்கம் உங்கள் செருப்பு, அந்தப் பக்கம் அவர்கள் செருப்பு. கால் தரையில் படாமல் தாண்ட வேண்டும். உள்ளே கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைதான். ஒரு விசில் அடித்தால் பத்தாயிரம் பறவை பதில் சொல்லும், உங்கள் மகளை அங்கே கூட்டிப் போயிருக்க வேண்டும். குளிர்காலத்தில் காற்றாடியைக் குறைத்து வைப்பார்கள், அப்போது அம்மோனியா கண்ணைக் கரிக்கும். அலகு நுனியைப் பொரிப்பகத்திலேயே எடுத்துவிடுவார்கள், ஒன்றையொன்று கொத்தாமல் இருக்க.

இப்போது உங்கள் பச்சை லேபிள். ‘ஃப்ரீ ரேஞ்ச்’ என்று போட இங்கே முக்கியமாகக் கேட்கப்படுவது, பறவைக்கு வெளியே போக வழி இருந்ததா என்பதுதான். போனதா என்பது வேறு சங்கதி. நான் வேலை செய்த ஒரு ஷெட்டில் சுவர் நெடுக சின்னக் கதவுகள், எல்லாம் திறந்தே இருந்தன. வெளியே நல்ல வெயில், புல். நான் மதியச் சாப்பாடு சாப்பிட்டு முடிக்கும்வரை ஏழெட்டுப் பறவைதான் வெளியே வந்தது. குஞ்சிலிருந்து விளக்கும் தீவனத் தட்டும் உள்ளேயே பார்த்து வளர்ந்தது, அதற்கு வெளியில் என்ன வேலை?

ஆர்கானிக் என்றால் அதைவிடக் கறார். குஞ்சு பொரித்த இரண்டாம் நாளிலிருந்து ஆர்கானிக் முறை, தீவனம் முழுக்க ஆர்கானிக், ஆன்டிபயாடிக் கிடையாது. நோய் வந்தால் மருந்து கொடுக்காமல் சாகவிடவும் கூடாது. கொடுத்தால் அந்தப் பறவையை ஆர்கானிக் என்று விற்க முடியாது. சிலர் கூரை போட்ட வராண்டாவையே ‘வெளியிடம்’ என்று கணக்குக் காட்டினார்கள். அது செல்லாது என்று 2023-ல் வந்த விதி சொல்லிவிட்டது, மாறிக்கொள்ள அவகாசம் கொடுத்து.

ஆனால் ஷெட்காரனை வில்லனாகப் பார்க்காதீர்கள். 2015 வசந்தத்தில் பறவைக் காய்ச்சல் வந்து எங்கள் மாநிலத்தில் ஏறத்தாழ 90 லட்சம் கோழியும் வான்கோழியும் போயின. நான் கருவி பொருத்திக் கொடுத்த ஷெட் ஒன்றில் நுரையைப் பாய்ச்சி மொத்தத்தையும் முடித்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் டிராக்டரில் உட்கார்ந்தபடியே இருந்தார், இறங்கவில்லை. நான் கணக்குத் தீர்க்கப் போனவன், கேட்காமலே திரும்பினேன்.

மயிலாடி:

மயிலைப் பார்த்து ஆடியதற்காக நாம் கிண்டல் செய்த பறவைக்கு ஒன்பது டாலரா! பிரியாணியே தேவலை அண்ணா.

பல்லடத்து மருமகள்:

அந்த டிராக்டர் பெரியவரை எனக்குத் தெரியும் போல இருக்கிறதுங்க. எங்களுக்கு வான்கோழி இல்லை, பிராய்லர். ஐயாயிரம் கோழி பிடிக்கும் ஷெட் இரண்டு. குஞ்சு, தீவனம், மருந்து, டாக்டர் எல்லாம் கம்பெனி. ஷெட், கரண்ட், தென்னைநார்த் தூள், தூக்கம் கெடுவது எங்களுடையது. நாற்பது நாள் சொச்சத்தில் இரண்டு கிலோ தாண்டியதும் லாரி வரும். வளர்ப்புக் கூலி கிலோ கணக்கில். கிலோவுக்கு ஆறரை ரூபாய் வாங்கிய காலமும் உண்டு, அதில் கரண்ட் பில்லைக் கழித்துப் பாருங்கள்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனால் எல்லோரும் கேட்பது ஒன்றே: “ஊசி போட்டுத்தானே பெருக்க வைக்கிறீங்க?” பத்தாயிரம் கோழிக்கு யார் ஊசி போடுவது, எந்தக் கை? அது பிறவியிலேயே அப்படி. பல தலைமுறையாகப் பொறுக்கிப் பொறுக்கி, தின்றது முழுக்கச் சதையாகும்படி எடுத்த இனம். அதோடு சத்துக் கணக்குப் போட்டு அரைத்த தீவனம். முப்பத்தைந்தாம் நாளில் சில கோழி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், எழாது. அதைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. கோபி அண்ணா சொன்ன வெள்ளை வான்கோழி கதை அதேதானே?

மருந்து விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஹார்மோன் இல்லை, ஆன்டிபயாடிக். கொலிஸ்டின் என்று ஒன்று, மனிதர்களுக்கு வேறு எந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பது. அதைக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2019-ல் மத்திய அரசு தடை செய்தது. அப்போதுதான் அது அப்படிப்பட்ட மருந்து என்பதே எங்களுக்குத் தெரியும்.

ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஷெட்டுக்குப் பின்னால் முருங்கை மரத்தடியில் மாமியார் சிறுவிடைக் கோழி வளர்த்துக்கொண்டிருந்தார். பஞ்சாரத்தில் கவிழ்த்துவைத்த பத்துப் பன்னிரண்டு. விருந்தாளி வந்தால் அடிப்பது அதைத்தான். பத்தாயிரம் பிராய்லரை வைத்துக்கொண்டு! கம்பெனி சூப்பர்வைசர் ஒருநாள் பார்த்துவிட்டு, பண்ணைக்குப் பக்கத்தில் நாட்டுக்கோழி இருந்தால் வெள்ளைக்கழிச்சல் பரவும், உடனே அப்புறப்படுத்துங்கள் என்று சத்தம் போட்டார். அத்தனையும் நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று. மாமியார் பிராய்லர் சாப்பிட ஆரம்பிக்கவில்லை, கறியையே குறைத்துக்கொண்டார்.

நாரிச் வாசி, இங்கிலாந்து:

2022 கிறிஸ்துமஸுக்கு நான் ஃப்ரீ ரேஞ்ச் வான்கோழிக்குச் சொல்லி வைத்திருந்தேன். இங்கே அந்தப் பெயருக்கு அளவு உண்டு, பறவைக்கு வெளியே நான்கு சதுர மீட்டர். ‘பாரம்பரிய ஃப்ரீ ரேஞ்ச்’ என்றால் ஆறு. அதனால் நம்பித்தான் பணம் கட்டினேன்.

அக்டோபரில் பறவைக் காய்ச்சல். எங்கள் நார்ஃபோக், பக்கத்து சஃபோக் பகுதியில் 12-ஆம் தேதியிலிருந்தே பறவைகளை உள்ளே அடைக்கச் சொல்லிவிட்டார்கள், நவம்பர் 7-லிருந்து இங்கிலாந்து முழுக்க. பண்ணையிலிருந்து போன் வந்தது. அந்த அம்மா அழவில்லை, ஆனால் ரொம்ப மெதுவாகப் பேசினார். ஒரே வாரத்தில் எல்லாம் போய்விட்டதாம். அந்த வருஷம் நாட்டில் வெளியே விட்டு வளர்த்த வான்கோழிகளில் பாதிக்குப் பக்கமாக இழப்பு. தப்பித்தவர்களும் பயந்துபோய் முன்கூட்டியே அறுத்து, உறையவைத்து, டிசம்பரில் இளக்கி விற்க அரசு அனுமதித்தது. நாங்கள் கடைசியில் ஆட்டுக்கால் வாங்கினோம்.

புல்வெளி என்றால் வாத்தும் வரும், வாத்தோடு கிருமியும் வரும். புல்வெளிப் பறவைக்கு நோயே வராது என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் அந்த அம்மாவின் குரல்தான் காதில் கேட்கிறது.

ஒட்டன்சத்திரத்தான்:

வாத்து வேண்டாங்க, நம்ம கோழியே போதும். சென்னையில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, முன்பு நந்தனத்தில் இருந்தது, ‘நந்தனம் வான்கோழி’ ரகம் அவர்கள் உருவாக்கியது. அந்த ரகத்தில் முப்பது குஞ்சு வாங்கிவந்தேன். வான்கோழிக் குஞ்சு போல ஒரு மந்தத்தை நான் பார்த்ததில்லை. தீவனம் முன்னால் இருக்கும், தின்னத் தெரியாது. தண்ணீர்த் தட்டில் கலர் கோலிக்குண்டு போட்டு வைக்கச் சொன்னார்கள், மினுமினுப்பைக் கொத்தப் போய்த்தான் குடிக்கப் பழகும். பச்சை நிறம் என்றால் பிடிக்கும் என்று கீரையைப் பொடிசாக நறுக்கித் தூவினேன். வேகவைத்த முட்டை, தண்ணீரில் கொஞ்சம் பால். என் பிள்ளைகளுக்குக்கூட இவ்வளவு பார்த்ததில்லை.

பெரிசானதும் தோட்டத்தில் நாட்டுக்கோழிகளோடு திறந்துவிட்டேன். அதுதான் தப்பு. மூன்றாம் வாரம் மஞ்சளாகக் கழிச்சல், தலை தொங்கிப் போச்சு. பதினொன்று செத்தபின் கால்நடை மருத்துவர் வந்து சொன்னார், கருந்தலை நோய். கோழி வயிற்றில் இருக்கும் புழு மூலமாக வருவது. கோழியை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, வான்கோழியை வாரிக்கொண்டு போகும். இரண்டையும் ஒரே நிலத்தில் விடக்கூடாது என்று வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

மிச்சம் பத்தொன்பது. வேலிமசால், குதிரைமசால் என்கிற பசுந்தீவனங்களை வெட்டிப் போட்டு, மக்காச்சோளத் தீவனமும் கலந்து தேற்றினேன். கிறிஸ்துமஸுக்குச் சென்னையிலிருந்து ஒருவர் கேட்டார், ஆர்கானிக்கா என்று. மசால் என் தோட்டத்தில் மருந்தடிக்காதது, மக்காச்சோளம் கடையில் வாங்கியது, அதற்கு என்ன அடித்தார்களோ என்றேன். உண்மையைச் சொன்னதில் அந்த வியாபாரம் போயிற்று. உள்ளூர்ச் சர்ச் ஆட்கள் எதுவும் கேட்காமல் தூக்கிப் பார்த்து, எடை போட்டு வாங்கிப் போனார்கள்.

கோபிக்காரன், பென்சில்வேனியா:

எல்லோருக்கும் நன்றி. மதுரை அண்ணன் எழுதியதைப் படித்தபின், பறவை எடுக்கப் போன புதன்கிழமை பண்ணைக்காரரிடம் காய்ச்சல் பற்றிக் கேட்டேன். வானத்தைக் காட்டினார். வரிசையாக வாத்துக்கூட்டம் தெற்கே போய்க்கொண்டிருந்தது. “தினமும் பார்க்கிறேன்” என்றார், அவ்வளவுதான்.

சமையல் சங்கதி. கடைப் பறவைக்கு எழுதிய அட்டவணையை வைத்துக்கொண்டு சிவப்பைச் சமைக்காதீர்கள். மார்பு மெலிசு, சீக்கிரம் வெந்து காய்ந்துவிடும். நல்லவேளை வெப்பமானி குத்தி வைத்திருந்தேன், நான் நினைத்ததற்கு முக்கால் மணி முன்பே 74 டிகிரி காட்டிவிட்டது. மார்புக் கறி ருசி நன்றாக இருந்தது, கடை வான்கோழி போலச் சப்பென்று இல்லை. ஒன்பது டாலர் ருசியா என்றால், என் நாக்குக்கு ஆறு டாலர் வரை சொல்வேன். அடுத்த வருஷம் அதே புல்வெளியின் வெள்ளைக்குத்தான் பதியப் போகிறேன். பல்லடத்து அக்கா திட்டினாலும் பரவாயில்லை, அது கடையில் இருப்பதைவிட நாலு அடி கூடவே நடந்திருக்கும்.

கால்தான் மாட்டிக்கொண்டது. ஆறரை மாதம் ஓடி, பறந்து, கூரை ஏறிய கால். அடுப்பில் வெந்தும் கத்தி இறங்கவில்லை. மேசையில் யாரும் தொடவில்லை. மறுநாள் மனைவி இரண்டு காலையும் வெட்டி, சின்ன வெங்காயம், வரமிளகாய், மல்லி வறுத்து அரைத்து, குக்கரில் ஒன்பது விசில் விட்டாள். அம்மாவுக்கு வீடியோவில் காட்டினோம். நாட்டுக்கோழிக் குழம்பு என்றே நினைத்துக்கொண்டார். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை.