புத்தக மதிப்புக்குக் கீழே கிடக்கும் சின்ன வங்கிப் பங்கு, வாங்கலாமா?

தாமிரபரணி:
தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கிப் பங்கை ரொம்ப நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். 2022 செப்டம்பரில் 510 ரூபாய்க்குப் பொதுப் பங்கு வெளியீடு வந்தது. அதற்கப்புறம் லாபம் ஆண்டுக்கு ஆண்டு கூடியும், 2024, 2025இல் பெரும்பாலும் புத்தக மதிப்புக்கு (சொத்தில் கொடுக்க வேண்டியதைக் கழித்தால் ஒரு பங்குக்கு மிஞ்சுவது) கீழேதான் விலை கிடந்தது. 1921இல் நாடார் வங்கியாகத் தொடங்கியது, எங்கள் ஊரில் பாதிப்பேர் நகை அங்கேதான் இருக்கிறது. ஒரு ரூபாய்ச் சொத்து எண்பது பைசாவுக்குக் கிடைக்கும்போது யோசிக்க என்ன இருக்கிறது என்கிறான் நண்பன். வேறு எதைப் பார்க்க வேண்டும்?

காவிரிக்கரை:
நண்பர் சொல்வது நூற்பாலைக்குச் சரி, இயந்திரத்தைக் கண்ணால் பார்க்கலாம். வங்கியின் சொத்து என்பது அடுத்தவர் திருப்பித் தர வேண்டிய கடன், தம்பி. 100 ரூபாய்க் கடனுக்குப் பின்னால் சொந்த முதல் 10 ரூபாய்தான் என்று வையுங்கள், கடனில் 5 ரூபாய் ஊற்றிக்கொண்டால் புத்தக மதிப்பில் பாதி காலி. லட்சுமி விலாஸ் வங்கியைப் பாருங்கள். 1926இல் கரூரில் தொடங்கியது, பெரிய நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கப் போய் 2020 மார்ச்சில் மொத்த வாராக்கடன் 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அந்த நவம்பரில் சிங்கப்பூர் டிபிஎஸ் வங்கியின் இந்தியக் கிளை நிறுவனத்தோடு இணைத்தபோது டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் பத்திரம், பங்குதாரருக்குப் பூஜ்யம்.

கவுண்டர்_3:
வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் சொல்கிறேன். நிகர வாராக்கடன் (நஷ்டத்துக்கு ஒதுக்கிவைத்ததைக் கழித்த பிறகு மிஞ்சுவது) ஒரு சதவீதத்துக்குக் கீழே என்று போட்டிருந்தால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தக் காலாண்டில் புதிதாக எவ்வளவு வாராக்கடன் ஆனது, எவ்வளவைத் தள்ளுபடி செய்து கணக்கிலிருந்து எடுத்தார்கள் என்று பாருங்கள், ஏனென்றால் தள்ளுபடி செய்தாலே சதவீதம் அழகாகிவிடும். நகைக்கடன் நல்ல அடமானம்தான், ஏலம் விட்டால் காசு வரும். ஆனால் வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போகும் கணக்கு எவ்வளவு என்பது வெளியில் தெரியாது, தங்கம் ஏறுகிற வரைக்கும் யாரும் கேட்கவும் மாட்டார்கள். 2024 செப்டம்பரில் நகைக்கடன் நடைமுறைக் குறைகளைப் பற்றி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பியது சும்மா இல்லை.

அப்புறம் டெபாசிட். வங்கிக்கு மலிவாகக் கிடைக்கும் நடப்பு, சேமிப்புக் கணக்குப் பணம் குறைவாக இருந்தால் வைப்புநிதிக்கு வட்டி கூட்டிக் கொடுத்துத்தான் ஆள் பிடிக்க வேண்டும், அதில் லாப வரம்பு தேயும்.

மஞ்சள்பை:
மெர்க்கண்டைல் விஷயத்தில் மேலே சொன்ன பயமெல்லாம் கொஞ்சம் அதிகம். அவர்களுடையது சிறு வணிகம், விவசாயம், நகை என்று சின்னச் சின்னக் கடன். மூலதனமும், அபாயத்துக்கேற்பக் கணக்கிட்ட கடனில் இவ்வளவு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கேட்கும் 11.5 சதவீதத்துக்கு வெகு மேலே. விலை ஏறாததற்கு நான் நினைக்கும் காரணம் வேறு: வளர்ச்சி மெதுவு, கிளைகளில் பெரும்பகுதி ஒரே மாநிலத்தில், போதாக்குறைக்குப் பழைய பங்கு வழக்குகள். மூன்றில் ஒரு பங்குக்கு மேலான பங்குகள் வழக்கில் இருப்பதாக 2022 வெளியீட்டு ஆவணத்திலேயே போட்டிருந்தார்கள், படித்தீர்களா? சிட்டி யூனியன், கரூர் வைஸ்யா என்ற இரண்டு தமிழ்நாட்டு வங்கிகளையும் பக்கத்தில் வைத்து, சொத்து மீதான லாபத்தை (மொத்தச் சொத்தில் லாபம் எத்தனை சதவீதம் என்பதை) ஐந்து வருடத்துக்கு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாமிரபரணி:
வழக்கு விஷயம் சத்தியமாகத் தெரியாது, ஆவணத்தில் விலைப் பக்கத்தை மட்டும்தான் பார்த்தேன். இந்த வாரம் தள்ளுபடிக் கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன், அதுவரை நண்பனின் போனை எடுக்கப்போவதில்லை.